மஞ்சளில் விழுந்த குழிகள்

ஏப்ரல் 29, செவ்வாய்

பள்ளிப் பேருந்துகளின் ஆண்டு ஆய்வு மே 21, புதன்கிழமை என்று உறுதியாகிவிட்டது. முதலாளி தனசேகர் மதியம் போனில் சொன்னார். அவருக்குப் பள்ளித் தாளாளரே கூப்பிட்டுச் சொன்னாராம். நான்கு பேருந்துகள். அதற்குள் எல்லாம் புது மஞ்சளோடு மைதானத்தில் நிற்க வேண்டும்.

சாயங்காலம் வேலையைப் பிரித்தேன். தகர ஒட்டு, கதவு, கண்ணாடி ரப்பர் எல்லாம் சாதிக். பட்டி இழுத்து வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பது தெய்வானை. பெயிண்ட் நான். இந்தப் பட்டறையில் லாரிதான் அதிகம் கட்டுகிறோம். மே மாதம் மட்டும் சங்ககிரி ரோட்டில் போகிறவர்கள் எங்கள் வாசலில் மஞ்சளாகப் பார்ப்பார்கள்.

முதலாளி இன்னொன்றும் சொன்னார். ஜூனிலிருந்து பேருந்தின் உள்பக்கம் அடிக்கத் தெய்வானை கையில் பெயிண்ட் கன்னைக் கொடுத்துப் பார்க்கலாமாம். ஆறு வருடமாகத் தேய்க்கிறவளுக்குத் தகரத்தின் மேடு பள்ளம் தெரியும் என்றார். பார்க்கலாம் என்றேன்.

காலையில் வலது கை ஆள்காட்டி விரல் மடங்கியபடி நின்றுவிட்டது. இடது கையால் நிமிர்த்தினேன். சுளுக்காக இருக்கும்.

ஏப்ரல் 30, புதன்

முதல் பேருந்துக்குப் பிரைமர் அடித்தாகிவிட்டது. மாலை கன்னைக் கழுவ வாங்கும்போது தெய்வானை கேட்டாள், "நடு வெரல்ல டிரிகர் புடிக்கிறீங்களே, வெரலு ஏதாச்சும் வலிக்குதுங்களாண்ணா?"

இல்லை என்றேன். நாளையிலிருந்து கன்னை நானே கழுவிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவளுக்குத் தேய்க்கிற வேலையே தலைக்கு மேல் இருக்கிறது.

மே 1, வியாழன்

விடுமுறை. பட்டறையில் நான் மட்டும். கன்னை முழுக்கப் பார்த்தேன்.

கப்பில் தின்னர் ஊற்றிக் குலுக்கி, அழுக்குத் துணியில் அடித்து, பிரைமர் போய் வெறும் தின்னர் வரும்வரை அடித்தேன். ஏர் கேப்பைக் கழற்றித் தனிக் கிண்ணத்தில் ஊறப்போட்டேன். அதன் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் பெயிண்ட் விசிறி ஒரு பக்கமாகச் சாயும். விளக்குமாற்றுக் குச்சியைச் சீவித்தான் நான் எப்போதும் குத்துவது. கன்னை முழுசாகத் தின்னரில் முக்கிவைக்கவும் கூடாது, நீடில் போகும் இடத்தில் உள்ள பேக்கிங் வறண்டு சுருங்கிவிடும். இதெல்லாம் தெய்வானைக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதான். அவள் மறந்ததில்லை.

டிரிகர் மட்டும் இறுக்கமாகவே இருந்தது. அல்லது எனக்கு அப்படி இருந்தது. மெஷின் ஆயில் குப்பி காலி. கடைகள் மூடியிருந்தன. சாதிக் கதவு ரப்பருக்கு அடிக்கிற ஸ்பிரே அலமாரியில் இருந்தது. டிரிகர் ஆணியிலும், பின்னால் நீடில் தெரிகிற இடத்திலும் கொஞ்சம் அடித்தேன். வெளிப்பக்கம்தான்.

இப்போது டிரிகர் வெண்ணெய் போல் போகிறது. ஒற்றை விரலால் இழுக்க முடிகிறது.

மே 2, வெள்ளி

முதல் பேருந்தின் வலப்பக்கம் மஞ்சள் அடித்தேன். டிரைவர் கதவிலிருந்து தொடங்கிப் பின்சக்கரம் வந்தபோது பார்த்தேன். அடித்த இடமெல்லாம் குழி. கடுகு அளவு, சில இடங்களில் மிளகு அளவு. ஈர மஞ்சள் வட்டமாக விலகி நடுவில் பிரைமர் தெரிந்தது. மீனின் கண் மாதிரி. எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகும். புதிதாகப் பட்டறைக்கு வருகிறவனுக்கு நாங்கள் முதலில் சொல்வது அதுதான். பெயிண்ட் கொட்டகைக்குள் எண்ணெய் வைத்த தலையோடு வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் போட்டதும் நான்தான்.

அடிப்பதை நிறுத்தினேன். கொட்டகையை மறைத்த தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் தெய்வானை இரண்டாவது பேருந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்திருந்தாள். இடுப்புவரை போகும் முடி. நுனியில் முடிச்சுப் போட்டு விட்டிருந்தாள். வெயிலில் பளபளத்தது.

அந்த முடியைப் பார்த்தேன். நான் பார்த்ததைச் சாதிக் பார்த்தான்.

"ஏன்க்கா, தலையில செக்கு வெச்சு ஆட்டிட்டு வந்தியா?" என்று அவன்தான் முதலில் கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான்.

அவள் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள். எண்ணெய் தேய்த்தது உண்மை, ஆனால் அரப்புப் போட்டு இரண்டு முறை அலசிவிட்டுத்தான் வந்தேன் என்றாள். பேருந்தைக் கடைசியாகத் துணி போட்டுத் துடைத்தது யார் என்று கேட்டேன். அவள்தான். அது எனக்கு முன்பே தெரியும்.

மே 3, சனி

நேற்று அடித்ததை எல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தோம். தெய்வானை தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொட்டகைப் பக்கமே வராமல் தூரத்தில் நின்றாள். மறுபடி குழி.

முதலாளி வந்து பார்த்தார். விரலால் ஒரு குழியைத் தொட்டார். காரணம் என்ன என்று என்னைக் கேட்டார். மூன்று பேரும் நின்றிருந்தோம். எண்ணெய்ப் பசை என்றேன். அது சரியான பதில். எங்கிருந்து என்று கேட்டார். நேற்று துடைத்த துணி, வாளி எல்லாவற்றிலும் ஏறியிருக்கும் என்றேன். யாருடைய துணி என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

ஆய்வு முடிகிற வரைக்கும் வர வேண்டாம் என்று தெய்வானையிடம் சொல்லிவிட்டார். அவள் வாட்டர் பேப்பர் துண்டுகளைக் கழுவி வரிசையாகக் காயப்போட்டுவிட்டுப் போனாள். போகும்போது என்னிடம், "நான் அலசிட்டுத்தானுங்கண்ணா வந்தேன்" என்றாள்.

மே 5, திங்கள்

கத்திரி வெயில் நேற்றுத் தொடங்கியது. பெயிண்ட் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தான். சேலத்துக்காரன். வரிசையாகக் கேட்டான். கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் இறக்கினீர்களா, காற்றோடு ஆயில் வருகிறதா, தின்னர் எங்கே வாங்கினது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வெள்ளைத் துணியைக் காற்றுக் குழாய் முன்னால் பிடித்துப் பார்த்தான். துணி வெள்ளையாகவே இருந்தது.

கடைசியாகக் கேட்டான். பட்டறையில் சிலிக்கான் ஏதாவது பயன்படுத்துகிறீர்களா, டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷ் மாதிரி. தேங்காய் எண்ணெயாவது சோப்புக்குப் போகும், சிலிக்கான் ஒரு சொட்டு இருந்தால் வாரக்கணக்கில் உயிரை வாங்கும் என்றான்.

பாலிஷ் இங்கே போடுவதில்லை என்றேன். அது உண்மை.

போகும்போது, எதற்கும் வேறு ஒரு கன்னில் தகரத்தில் அடித்துப் பார்க்கச் சொன்னான்.

மே 6, செவ்வாய்

எல்லோரும் வருவதற்கு முன்னால் வந்தேன். கழித்துப் போட்ட லாரிக் கதவு ஒன்றில் பாதிக்குப் பட்டறையில் கிடந்த ஒரு பழைய கன்னில் அடித்தேன். அதே பெயிண்ட், அதே காற்று. கண்ணாடி போல் இருந்தது.

மறுபாதிக்கு என் கன்னில் அடித்தேன்.

பிறகு கன்னைத் திருகு திருகாகக் கழற்றினேன். நீடில், நாசில், டிரிகர், ஆணி, ஸ்பிரிங். மூன்று முறை புதுத் தின்னர். நீடிலைத் துணி மாற்றி மாற்றித் துடைத்தேன். பழைய பேக்கிங்கை எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். கடையில் வாங்கிய மெஷின் ஆயில் ஒரு சொட்டு. கதவைத் தேய்த்து மஞ்சளை எடுத்துவிட்டேன். சாதிக் வந்தபோது கதவு பழையபடி சுவரில் சாய்ந்திருந்தது.

எதனால் என்று எழுதத் தேவையில்லை. எனக்குத் தெரியும்.

மே 7, புதன்

முதல் பேருந்து முடிந்தது. ஒரு குழி கிடையாது. சாதிக் அதன் பக்கவாட்டில் முகம் பார்த்துத் தலை சீவினான்.

முதலாளி மதியம் வந்தார். சுற்றி வந்து பார்த்தார். "பாத்தீங்களா மேஸ்திரி, அந்தம்மா போனதும் மழமழன்னு வந்துருச்சு" என்றார். தாளாளருக்கும் போனில் அதையே சொன்னார். ஒரு பெண்ணின் தலை எண்ணெயில் நாலு நாள் போய்விட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பக்கமும் சிரித்திருப்பார்கள்.

நான் மறுக்கவில்லை. கன்னைச் சுத்தம் செய்தது அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நேற்றைக்கு அப்படி யோசிக்கவில்லை.

யோசித்தேனா இல்லையா என்பது இப்போது எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

மே 8, வியாழன்

இரண்டாவது பேருந்துக்குப் பிரைமர். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. தெய்வானையின் மகள் தேறிவிட்டாள் என்று சாதிக் சொன்னான். நல்ல மதிப்பெண்ணாம்.

மே 10, சனி

என் மனைவி வசந்தாமணி சந்தைக்குப் போய் வந்தாள். அங்கே தெய்வானையைப் பார்த்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு பட்டறைகளில் வேலை கேட்டாளாம். ஒரு இடத்தில், "ஓ, அந்த எண்ணெய்க்காரியா நீ?" என்று கேட்டார்களாம். வசந்தாமணிக்கு அதைச் சொன்னது தெய்வானை இல்லை, பக்கத்தில் கீரை விற்கிறவள். தெய்வானை எங்கள் வீட்டில் எல்லோரும் நலமா என்று மட்டும் விசாரித்தாளாம்.

"அவ நல்லாத் தேய்ப்பாள்னு நீங்கதான் சொல்லுவீங்க. என்ன ஆச்சுங்க திடீர்னு?" என்று வசந்தாமணி கேட்டாள்.

முதலாளி எடுத்த முடிவு என்றேன்.

மே 12, திங்கள்

மூன்றாவது பேருந்து அடிக்கும்போது விரல் டிரிகரிலேயே மாட்டிக்கொண்டது. இழுத்தது இழுத்தபடி. விட முடியவில்லை. கையை நகர்த்தாமல் நின்ற இடத்தில் பெயிண்ட் கட்டி வழிந்தது. முழங்கை நீளத்துக்கு வழிசல். காற்றுக் குழாயை இடது கையால் பிடுங்கினேன்.

சாதிக் பார்த்துவிட்டான். பெயிண்ட் தண்ணியாகிவிட்டது என்றேன். அவன் பெயிண்டைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். பிறகு, "ஆமாங்க மேஸ்திரி, தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் வசந்தாமணி வெந்நீரில் கையை வைக்கச் சொன்னாள். இதை எத்தனை நாளாக மறைக்கிறேன் என்று கேட்டாள். அவள் கேட்டது விரலைப் பற்றி மட்டும்தான்.

மே 14, புதன்

காலையில் வாளியில் தின்னர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ நின்றது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அடையாளம் தெரிய ஒரு கணம் ஆயிற்று.

தெய்வானை மொட்டை அடித்திருந்தாள். தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. காதுகள் பெரிதாகத் தெரிந்தன. நேற்று பழனிக்குப் போய்விட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள்.

முதலாளி அப்போது அங்கேதான் இருந்தார். அவரிடம் நேராகப் போனாள். "இனி எண்ணெய் வெக்கறதுக்கு எடமே இல்லீங்க. வேலைக்கு வரட்டுங்களா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. அளவு சொல்லிப் பேப்பர் கேட்கும்போது எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள்.

முதலாளி அவள் தலையை ஒரு முறை பார்த்தார். அப்புறம் சிரித்தார். தேய்க்கிற வேலைக்கு வரச் சொன்னார். கன் பேச்சு இனி வேண்டாம், தார்ப்பாய்க்கு உள்ளேயும் வர வேண்டாம் என்றார். கடைசியாக, "இப்படியே வெச்சுக்கம்மா. முடி வந்துச்சுன்னா மறுபடி வழிச்சுக்க. நமக்கும் தொல்லையில்ல" என்றார். அது விளையாட்டா நிபந்தனையா என்று கேட்டவர்கள் யாருக்கும் புரியவில்லை. தெய்வானை நிபந்தனையாகத்தான் எடுத்துக்கொண்டாள். சரிங்க என்று தலையாட்டினாள்.

மொட்டைக்குக் காரணம் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. மகள் பிளஸ் டூ தேறினால் முடி கொடுப்பதாக வேண்டுதல் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள். சாதிக் கேட்டதற்கு, வேண்டுதல் எதுவும் இல்லை, மூன்று பட்டறை ஏறி இறங்கியாகிவிட்டது என்றாளாம். இரண்டில் எது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

மாலையில் கன்னைக் கழுவட்டுமா என்று கேட்டாள். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. தார்ப்பாய்க்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து கழற்றினாள். நீடிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பேக்கிங் புதுசா இருக்குதுங்களே. எப்ப மாத்துனீங்க?"

"ஆறாந்தேதி."

அவள் நீடிலைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். முதல் பேருந்து ஏழாம் தேதி குழியில்லாமல் வந்தது அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

மே 15, வியாழன்

தெய்வானை இன்று என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டாள். இத்தனை வருடமும் அண்ணா.

மே 16, வெள்ளி

மூன்றாவது பேருந்தின் வழிசலைத் தேய்த்து மறுபடி அடித்து முடித்தேன். நடு விரலால்தான். வெயிலில் தெய்வானை துண்டு போர்த்திக்கொண்டு தேய்க்கிறாள். தலைத்தோல் வெந்து உரிகிறது. சாதிக் ஒரு பழைய கிரிக்கெட் தொப்பி கொண்டுவந்து கொடுத்தான். "போட்டுக்கக்கா. டெண்டுல்கர் மாதிரி இருப்ப" என்றான். அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. நான் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டது.

மே 17, சனி

மதியம் சாதிக் சாப்பிடப் போன பிறகு அவளிடம் போனேன். நான்காவது பேருந்தின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட்டேன். மே ஒன்றாம் தேதி, சாதிக்கின் ரப்பர் ஸ்பிரே, டிரிகர், விரல், கம்பெனித் தம்பியிடம் சொன்ன பதில், லாரிக் கதவு. வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தண்ணீர் ஊற்றினாள், தேய்த்தாள், உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

உன்மேல் தப்பு இல்லை அம்மிணி என்று முடித்தேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"இத எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே."

திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தாள். நான் திரும்பி வந்தேன். அவளிடம் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியது போலிருந்தது. அதைத்தான் அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். யாரிடம் சொன்னால் எனக்கு நஷ்டம் இல்லையோ அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

மே 19, திங்கள்

நான்காவது பேருந்தும் முடிந்தது. முதலாளி பார்க்க வந்தார். அவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். குழி விழுந்ததற்குக் காரணம் நான் கன்னில் போட்ட சிலிக்கான் ஸ்பிரே, தெய்வானையின் தலை எண்ணெய் இல்லை என்றேன்.

அவர் நம்பவில்லை. என் தோளில் கை வைத்தார். "பாவம் பாக்காதீங்க மேஸ்திரி. அந்தம்மா மொட்டையப் பாத்து உங்களுக்கு மனசு எளகிருச்சு. முப்பது வருசமாக் கன் புடிக்கிற நீங்க போயி சிலிக்கானை அதுல அடிப்பீங்களாக்கும்" என்றார். பெரிய மனசு என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் ஒன்று சரி. முப்பது வருடம் கன் பிடித்தவன் அதைச் செய்ய மாட்டான். செய்தால் அவனுக்குத் தெரியாமல் இருக்காது. குழி விழுந்த அன்றைக்கே தெரிந்திருக்கும். பின்சக்கரத்துக்கு வருவதற்குள் தெரிந்திருக்கும்.

ஆமாம். அன்றைக்கே தெரியும்.

பெரிய மனசு. இந்த வார்த்தையோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். வசந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வர வெகு நேரமாயிற்று. "நாளைக்கு அவங்க எல்லாரையும் வெச்சுட்டு அடிச்சுக் காமிங்க" என்றாள். "அவ கையில குடுத்து அடிக்கச் சொல்லுங்க."

மே 20, செவ்வாய்

அடித்துக் காட்டினோம்.

பட்டறைக்குள் வேண்டாம், அந்த ஸ்பிரே காற்றில் பரவினாலே மறுபடி தொல்லை என்று பின்பக்கக் காலி இடத்தில், காற்று வெளியே போகிற திசை பார்த்து வைத்தோம். கழித்துப் போட்ட அதே லாரிக் கதவு. பழைய கன். காட்டி முடித்த பிறகு அது குப்பைக்குத்தான். முதலாளி, சாதிக், பேருந்து எடுக்க வந்திருந்த டிரைவர், பக்கத்து லேத்துக்காரர் நின்றார்கள். முதலாளி மணி பார்த்தபடியே இருந்தார்.

கன்னைத் தெய்வானையிடம் கொடுத்தேன். அவள் கையில் வாங்காமல் முதலாளியைப் பார்த்தாள். கன் பேச்சு வேண்டாம் என்றவர் அவர்தானே. அவர் கையசைத்தார்.

இதற்கு முன் அவள் கன்னைக் கழுவியிருக்கிறாள், அடித்ததில்லை. மணிக்கட்டை வளைக்காமல் தோளிலிருந்து கையைக் கொண்டுபோனாள். எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று கேட்கத் தேவையில்லை. ஆறு வருடம் தார்ப்பாய் ஓரம் நின்றிருக்கிறாள். கதவின் மேல்பாதி மஞ்சள் ஆயிற்று. ஓரத்தில் கொஞ்சம் தடிப்பு. குழி இல்லை.

பிறகு நான் கன்னை வாங்கி, மே ஒன்றாம் தேதி செய்தபடியே செய்தேன். சாதிக்கின் ஸ்பிரேயை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, டிரிகர் ஆணியிலும் நீடிலிலும் அடித்தேன். கன்னைத் திரும்ப அவளிடம் கொடுத்தேன்.

கீழ்ப்பாதி மஞ்சள் விழுந்தது. விழுந்த கையோடு விலக ஆரம்பித்தது. முதலில் ஒன்று, அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியாதபடி. தலையில் ஒரு முடியும் இல்லாத பெண் கன்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எதிரில் கதவு முழுக்கக் குழி.

லேத்துக்காரர் மட்டும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். சாதிக் தன் ஸ்பிரே டப்பாவைத் தரையிலிருந்து எடுத்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா மெஷின் ஆயில் நான் குடுத்திருப்பேனே மேஸ்திரி. என் பெட்டியிலயே இருந்துச்சே" என்றான். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும் என்று முதலாளி கேட்டார். இரண்டாம் தேதியிலிருந்து என்றேன். விரலைப் பற்றியும் சொன்னேன். கையை நீட்டிக் காட்டினேன். அவர் கையைப் பார்த்தார், தெய்வானையைப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தெய்வானை பழைய கன்னைக் குப்பைத் தொட்டியில் போடுவதற்கு முன்னால் கப்பில் மிச்சமிருந்த பெயிண்டைக் கொட்டி, தின்னர் விட்டுக் கழுவினாள். எறியப்போவதைக் கழுவுவானேன் என்று டிரைவர் கேட்டார்.

"பழக்கமுங்க" என்றாள்.

மே 22, வியாழன்

நான்கில் மூன்று பேருந்துகள் நேற்று தேறின. ஆய்வுக்கு ஓட்டிப்போன டிரைவர் அன்று மாலையே சொன்னார், இன்று காலை தாளாளரும் முதலாளிக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். நான்காவதில் அவசர வழிக் கதவு இறுக்கமாக இருக்கிறதாம். சாதிக் சரிசெய்கிறான். மறு ஆய்வு 28ஆம் தேதி. பெயிண்ட் பற்றி அதிகாரிகள் எதுவும் சொல்லவில்லை.

என் விரலுக்கு ஈரோட்டில் எலும்பு மருத்துவரிடம் திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊசியா அறுவையா என்பது அன்றைக்குத் தெரியும். கன் இனி யார் கையில், நான் இங்கே இருக்கிறேனா என்பதை முதலாளி ஜூன் 2, அடுத்த லாரி பட்டறைக்குள் ஏறுகிற அன்று சொல்வதாகச் சாதிக்கிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் இன்னும் பேசவில்லை. தெய்வானையிடம் இன்று காலை பேசினார். தூரத்திலிருந்து பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று தெரியாது. மொட்டையை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அவர் சொன்னது மட்டும் உறுதி. சாதிக் பக்கத்தில் நின்றிருக்கிறான்.

மாலை கன்னைக் கழுவியது தெய்வானை. தார்ப்பாய்க்கு உள்ளே, அதற்கென்று இருக்கிற மேசையில் வைத்துக் கழுவினாள். மெஷின் ஆயில் ஒரு சொட்டு. டிரிகரை இழுத்து விட்டு, காதருகே வைத்துக் கேட்டு, கொக்கியில் மாட்டினாள். "மாட்டியாச்சுங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பிட்ட பிறகு வசந்தாமணியிடம் ஒன்று கேட்டேன். மொட்டை அடித்த முடி மறுபடி இடுப்புவரை வளர எவ்வளவு காலம் ஆகும். அவள் என்னைப் பார்க்காமலே கணக்குப் போட்டுச் சொன்னாள். நாலு வருடம். ஐந்தும் ஆகலாம்.